ரிதம் கிற்றாரில் பெரிய கைகள் யார் யார்?

கேள்வி: பொப், ரொக் இசையில் மிகச்சிறந்த ரிதம் கிற்றார் கலைஞர்கள் யார்? கொழும்பில் கலியாண வீடுகளுக்கு வாசிக்கும் சின்ன பாண்ட் ஒன்றில் எனக்கு ரிதம்தான் கிடைத்தது. யாரைக் கேட்டு எதைப் பழகலாம்?

"ரிதம்தான் கிடைத்தது" என்கிறீர்களே தம்பி, பாதிப் பிரச்சினை அந்தத் "தான்"இல் இருக்கிறது. லீட், அதாவது தனித்து மெட்டு வாசிப்பது, வராதவர் கையில், பாட்டுக்குத் தாளம் பிடிக்கும் ரிதத்தைக் கொடுப்பது இங்கே வழக்கமாகிவிட்டது. பிறகு, மண்டபத்தில் ஏன் ஒருவரும் ஆட எழும்பவில்லை என்று கீபோர்ட்காரரைப் பிடித்து ஏசுவார்கள்.

யார் பெரியவர் என்று பார்க்க நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: அடித்த அடியை விட்டுவிட்டு, அடிக்காமல் விட்ட இடத்தைக் கேட்பது. மிருதங்கமோ தவிலோ பழகியவர்களுக்குக் கார்வை என்றால் விளங்கும். சொல் விழாத இடத்திலும் கணக்கு ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ரிதம் கிற்றாரும் அப்படியே. எத்தனை கோர்ட் (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) தெரியும் என்பது இங்கே பெரிய விஷயம் இல்லை.

அந்த அளவுகோலில் என் பட்டியலில் முதல் ஆள் ஜிம்மி நோலன். 1965இல் அமெரிக்கப் பாடகர் ஜேம்ஸ் பிரவுணின் பாண்டில் சேர்ந்தவர், 1983இல் இறந்தார். அவருடைய வாசிப்புக்குச் 'சிக்கன் ஸ்க்ராட்ச்' என்று பெயர். கோழி மண்ணைக் கிளறுகிற சத்தம்தான் அது, வேறு விளக்கம் தேவையில்லை. ஃபங்க் என்று இன்று நாம் சொல்லும் கிற்றார் பாணி பெரும்பாலும் இவருடைய மணிக்கட்டிலிருந்து வந்தது.

இதைக் கையில் பிடித்துப் பார்க்கலாம். ஒரு தாள அளவில் பதினாறு அடி. தகதிமி தகதிமி தகதிமி தகதிமி என்று வாயால் சொல்லிக்கொண்டே வலது கை டவுன், அப், டவுன், அப் என்று நிற்காமல் ஓட வேண்டும். 'த'வும் 'தி'யும் டவுன், 'க'வும் 'மி'யும் அப். இடது கை கோர்ட் பிடித்தபடி தந்திகளைத் தொட்டுக்கொண்டு மட்டும் இருக்கட்டும், அழுத்த வேண்டாம். 'சிக் சிக்' என்று வரும். இப்போது முதல் தகதிமியின் 'த'வில் மட்டும் அழுத்திவிட்டு உடனே விடுங்கள். பதினைந்து 'சிக்', ஒரு கோர்ட். மெட்ரோனோம் (தாளம் காட்டும் கருவி) 60இல் ஐந்து நிமிடம். தடுமாறாமல் வந்தால் நான்கு நான்காகக் கூட்டி 100 வரை போகலாம். அதற்குப் பிறகுதான் இரண்டாவது அழுத்தம்: நான்காவது தகதிமியின் 'தி'யில். மூன்றாவதை ஏதாவது ஒரு 'க'வில் வையுங்கள். அது அப் ஸ்ட்ரோக்கில் விழும், அங்கேதான் பெரும்பாலானோர் சறுக்குவார்கள்.

இந்தப் பாணியில் எல்லோரும் எடுக்கிற கோர்ட் ஈ-9. ஐந்தாவது தந்தியில் 7ஆம் ஃப்ரெட் (கழுத்தில் உள்ள கட்டை), நான்காவதில் 6, மேல் மூன்று தந்திகளிலும் (மெல்லியவை) மோதிர விரலைப் படுக்கவைத்து 7. பழகத் தொடங்குபவருக்கு இது ஒரு பொறி. 5, 7, 12ஆம் ஃப்ரெட்களில் ஒரு விரல் மட்டும் மெல்லத் தொட்டால் தந்தி அடங்காது, ஹார்மோனிக் எழும்பும். 'சிக்' வர வேண்டிய இடத்தில் 'கிணிங்' என்று மணி அடிக்கும். கை சரியில்லை என்று நினைத்து வலது கையைத் திருத்திக்கொண்டே இருப்பார்கள், பிழை இருப்பதோ ஃப்ரெட்டில். அதே வடிவத்தை ஒரு ஃப்ரெட் மேலே தள்ளி எஃப்-9ஆக, 8இல் வைத்துப் பழகுங்கள். சத்தம் உடனே சுத்தமாகும். கை பழகிய பிறகு ஈ-9க்குத் திரும்பும்போது, சும்மா இருக்கும் சுண்டுவிரலையும் மேல் தந்திகளின்மேல் படுக்கவிடுங்கள். ஒரு தந்தியை இரண்டு இடத்தில் தொட்டால் மணி அடிக்காது.

வேறு பிழைகளும் உண்டு. சத்தம் வேண்டாத இடத்தில் வலது கையை நிறுத்துவது அதில் முதலாவது. கை ஊஞ்சல்போல் ஆட வேண்டியது. நின்றால், திரும்பத் தொடங்கும்போது கணக்குப் பிசகும். அழுத்துவதும் அடிப்பதும் ஒரே கணத்தில் விழாவிட்டால் 'பொத்' என்று செத்த சத்தம் வரும். முழங்கையிலிருந்து அடித்தால் இரண்டு பாட்டுக்குள் கை கல்லாகிவிடும்.

நோலனுக்கு அடுத்து நைல் ரொட்ஜர்ஸ். 'ஷிக்' பாண்டில் பேர்னார்ட் எட்வர்ட்ஸின் பேஸோடு சேர்த்து இவரைக் கேட்க வேண்டும். தனியே கேட்டால் பாதிதான் விளங்கும். 1978இன் 'லெ ஃப்ரீக்', 1979இன் 'குட் டைம்ஸ்', 2013இல் டாஃப்ட் பங்குடன் 'கெட் லக்கி' என்று முப்பத்தைந்து வருடம் ஒரே வெள்ளை ஸ்ட்ராடோகாஸ்டர் கிற்றார், ஒரே கை. ஆறு தந்தியையும் சேர்த்து வாரி அடிக்க மாட்டார். பெரும்பாலும் மேல் மூன்று நான்கு தந்திகள்தான், அதிலும் ஒரு அடிக்கு இரண்டு, அடுத்த அடிக்கு மூன்று என்று கோர்ட்டை உடைத்து உடைத்துப் போடுவார்.

அந்தச் சிக்கனத்துக்கு ஓர் உதாரணம். ஏ-மைனர் 7 கோர்ட்டில் மேல் நான்கு தந்திகளை மட்டும் எடுங்கள்: நான்கிலும் 5ஆம் ஃப்ரெட். அடுத்து டி-9. மேல் மூன்று தந்திகள் அப்படியே இருக்கும், நான்காவது தந்தி மட்டும் 5இலிருந்து 4க்கு இறங்கும். அவ்வளவுதான். பேஸ்காரர் ஏ-யிலிருந்து டி-க்குப் பாய்கிறார், கிற்றார் ஒரு விரலை ஒரு ஃப்ரெட் நகர்த்துகிறது, கேட்பவருக்கு முழு கோர்ட்டும் மாறியதாகத் தெரியும். (இதுவும் 5ஆம் ஃப்ரெட், மணி அடிக்கும். 6க்குத் தள்ளிப் பழகுங்கள்.)

கலியாண வீட்டு பாண்டுக்கு இதைவிடப் பயன்படும் பாடம் கிடையாது. கீபோர்ட்காரரின் இடது கையும் ஒரு விரலைக் குறுக்கே வைத்து ஆறு தந்தியையும் பிடிக்கும் உங்கள் பார் கோர்ட்டும் ஒரே சுரப் பகுதியில் மோதினால், பேஸும் அதற்குள் புதைந்து எல்லாம் சாம்பார் ஆகிவிடும். ஒலி அமைப்பாளர் என்ன செய்தாலும் தெளியாது. கீழ் இரண்டு தடித்த தந்தியையும் விட்டுவிடுங்கள்; பாதிச் சிக்கல் அங்கேயே தீரும்.

பழைய ஆள் ஒருவரைப் பலர் மறந்துவிடுவார்கள். ஃபிரெடி கிரீன், கவுண்ட் பேஸியின் ஜாஸ் குழுவில் 1937 தொடக்கம் 1987இல் இறக்கும்வரை இருந்தவர். ஐம்பது வருடம், ஒரு துடிப்புக்கு ஒரு அடி, நான்கு அடி ஒரு தாளம், அம்ப் (ஒலிபெருக்கி) கிடையாது. பித்தளை வாத்தியங்கள் முழங்கும்போது அம்ப் இல்லாத கிற்றார் எப்படிக் கேட்கும்? தந்திகளை ஃப்ரெட்டிலிருந்து நன்றாக உயர்த்திக் கட்டியிருந்தார், பலமாக அடிக்க இடம் கிடைத்தது. பிடிப்பது மூன்று சுரம், பல இடங்களில் உண்மையில் ஒலிப்பது நடுத் தந்தி ஒன்று மட்டும். அந்த வடிவம் இதுதான்: ஆறாவது தந்தியில் 3 (நடுவிரல்), நான்காவதில் 2 (சுட்டுவிரல்), மூன்றாவதில் 4 (மோதிர விரல்). ஜி-6 கோர்ட். நடுவிரலின் நுனி சற்றுச் சாய்ந்து ஐந்தாவது தந்தியை அடக்க வேண்டும், மேல் இரண்டு தந்திகளை விரல்களின் அடிப்பக்கம் அடக்கும். ஒவ்வொரு அடிக்கும் பிறகு பிடியைத் தளர்த்துங்கள். தளர்த்தாவிட்டால் ஸ்விங் போய்ப் பஜனை வந்துவிடும்.

ரொக் பக்கம் வந்தால் மல்கம் யங். ஏசி/டிசி என்றால் எல்லோரும் பாடசாலைச் சீருடையில் குதிக்கும் தம்பி அங்கஸைத்தான் பார்ப்பார்கள். பாண்டை ஓட்டியது பின்னால் அம்புக்குப் பக்கத்தில் நின்ற அண்ணன். 1963ஆம் ஆண்டின் கிரெட்ச் ஜெட் ஃபயர்பேர்ட், அதில் பிரிட்ஜ் பக்கத்துப் பிக்கப் (தந்தியின் அதிர்வைப் பிடிக்கும் காந்தம்) ஒன்றுதான், மற்றதைக் கழற்றிவிட்டார். தடித்த தந்திகள், மார்ஷல் அம்ப், நாம் நினைப்பதைவிட மிகக் குறைந்த டிஸ்டோர்ஷன் (கரகரப்பு). 1980இன் 'பேக் இன் பிளாக்' தொடக்கத்தைக் கேளுங்கள்: ஈ, டி, ஏ. மூன்று கோர்ட்டுக்கும் இடையில் வெளி. அந்த வெளியில் ட்ரம்ஸ் தனியாக வடிவாகக் கேட்கும்.

டிஸ்டோர்ஷனைக் கூட்டினால் மெல்லிய அடியும் பலத்த அடியும் ஒரே உயரத்துக்கு வந்துவிடும். கை செய்யும் வித்தியாசம் செத்துப்போகும், கோர்ட்டின் உள் சுரங்களும் ஒன்றோடொன்று உரசும். வீட்டில் தனியாக வாசிக்கும்போது அது பெரிய சத்தமாக இனிக்கும். மண்டபத்தில் அது ஒரு இரைச்சல் மட்டும். டிஸ்டோர்ஷனைக் கூட்டும் கெயின் குமிழைப் பாதியாக்கிப் பலமாக அடியுங்கள்.

கீத் ரிச்சர்ட்ஸைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள், எனவே அவருடைய ஓப்பன் ஜி ட்யூனிங் மட்டும். 1969இன் 'ஹொங்கி டொங்க் விமன்' முதல் ரோலிங் ஸ்டோன்ஸில் அதன் ஆட்சி. ஆறாவது தந்தியைக் கழற்றிவிடுங்கள். ஐந்தாவதை ஏ-யிலிருந்து ஜி-க்கும், முதலாவதை ஈ-யிலிருந்து டி-க்கும் இறக்குங்கள். மற்ற மூன்றையும் தொட வேண்டாம். ஜி, டி, ஜி, பி, டி என்று வரும். இனி ஒரு விரலைக் குறுக்கே வைத்தால் அது மேஜர் கோர்ட். அதே பிடியில் இரண்டாவது தந்தியில் ஒரு ஃப்ரெட் மேலே நடுவிரலையும், நான்காவதில் இரண்டு ஃப்ரெட் மேலே மோதிர விரலையும் வைத்து எடுத்து, வைத்து எடுத்துப் பாருங்கள். உங்களுக்குத் தெரிந்த பாதி ஸ்டோன்ஸ் பாட்டு அங்கேயே கிடக்கும். மெல்லிய 9ஆம் தடிப்புத் தந்தி செட்டில் இதைச் செய்தால் இறக்கிய தந்திகள் துவண்டு சுருதி அலையும், தடித்த 11 செட் போடுங்கள்.

மற்றவர்களைச் சுருக்கமாக. ஜோன் லெனன், 'ஓல் மை லவிங்' (1963) பாட்டில் தகிட தகிட என்று மூன்று மூன்றாக ஓடும் அந்த ஒரு பகுதிக்காகவே. மெட்டாலிகாவின் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட், டவுன் ஸ்ட்ரோக் மட்டும் வைத்து வேகம் காட்டியதற்காக. பிக்கின் (தந்தியை அடிக்கும் தகடு) நுனி இரண்டு மூன்று மில்லிமீற்றர் மட்டும் வெளியே தெரியட்டும், கையில் வலி வந்தால் அன்றைக்கு நிறுத்துங்கள். பிரேசிலின் ஜோவாவ் ஜில்பெர்த்தோ பிக் இல்லாமல் வாசித்தவர், கட்டைவிரல் பேஸுக்கு, மற்ற விரல்கள் கோர்ட்டுக்கு. பொப் மார்லி தன் பாண்டில் தானே ரிதம் வாசித்தவர் என்பது பலருக்கு நினைவில் இராது. ரெகேயில் கோர்ட்டின் நீளம் ஒரு இருமல் அளவுதான், நீண்டால் ரெகே இல்லை.

தமிழ் ஆக்களிடம் கேட்டால் 'இளைய நிலா' (1982) கிற்றாரைச் சொல்வார்கள். ஆர். சந்திரசேகரின் அருமையான கை, மறுப்பில்லை. ஆனால் அது தந்தி தந்தியாகப் பிரித்து மீட்டுவது; ரிதம் பட்டியலில் சேராது.

பைலா என்ற இலங்கை ஆட்டப்பாட்டைப் பற்றிச் சொல்லாமல் கொழும்பில் இந்தப் பதிலை முடிக்க முடியாது. 1940களில் வொலி பஸ்தியன்ஸ் கஃப்ரிஞ்ஞா என்ற ஆட்ட இசையின் 6/8 தாளத்தைச் சிங்களப் பாட்டுக்கு ஏற்றிக் கொடுத்தார். பிறகு கிளாரன்ஸ் விஜேவர்தன 'மூன்ஸ்டோன்ஸ்' பாண்ட் காலத்தில் சிங்களப் பாட்டுக்குள் மின்சாரக் கிற்றாரை உட்காரவைத்தார். நம் பக்கத்தில் ஏ. ஈ. மனோகரனின் பொப்பிசைப் பாட்டுகள் அதே துள்ளலில் வந்தவை. உலகப் பட்டியல் எதிலும் இந்த ரிதம் கைகள் இடம்பெறுவதில்லை. கலியாண மண்டபத்தில் உங்களுக்குக் கைதட்டல் வாங்கித் தரப்போவது இந்தத் தாளம்தான்.

இதில் விழும் பிழையும் ஒன்றுதான். ஆறு அடியை டவுன், அப் என்று மாறி மாறி அடித்தால் முதல் அடி டவுனில் விழும், நான்காவது அப்பில் விழும். 6/8இன் அழுத்தம் 1இலும் 4இலும். அப் ஸ்ட்ரோக் பலவீனமானது, அதனால் இரண்டாவது அழுத்தம் தொய்ந்து, கேட்பவருக்கு மூன்று எண்ணிக்கை வோல்ட்ஸ் மாதிரிப் படும், கால் சிக்கிக்கொள்ளும். டவுன்-அப்-டவுன், டவுன்-அப்-டவுன் என்று மூன்று மூன்றாக மீளத் தொடங்குங்கள். தகிட தகிட, இரண்டு 'த'வும் டவுன். 3க்கும் 4க்கும் இடையில் இரண்டு டவுன் அடுத்தடுத்து வரும். முதலில் அவசரமாகத் தெரியும், 'ட'வை மிக மெல்லிய அடியாக்கினால் கை திரும்ப நேரம் கிடைக்கும். வேகம் மிஞ்சும் பாட்டுகளில் மட்டும் மாறி மாறி அடித்து, நான்காவது அப்பை வேண்டுமென்றே பலமாக்கிப் பழகுங்கள்.

சாமான் பற்றிக் கொஞ்சம். ஃபங்க்குக்கும் பைலாவுக்கும் 0.60 முதல் 0.73 மில்லிமீற்றர் பிக், ரொக்குக்கு 0.88 அல்லது 1.0. அம்பில் பேஸ் 3, மிட் 6, ரெவெர்ப் வேண்டாம். மண்டபமே போதுமான எதிரொலி தரும். வெள்ளவத்தை, தெஹிவளை, முகத்துவாரம் என்று கடலோரத்தில் இருப்பவர்களின் தந்திகள் உப்புக்காற்றில் சீக்கிரம் கறுக்கும். கறுத்த தந்தியில் 'சிக்' வராது, 'புஸ்' என்றுதான் வரும். வாசித்து முடிந்ததும் காய்ந்த பருத்தித் துணியால் தந்தியின் அடிப்பக்கத்தையும் துடைத்துப் பைக்குள் வையுங்கள்.

பழகுவதைக் கைபேசியில் பதிந்து கேளுங்கள். அதன் சின்ன ஸ்பீக்கரில் பேஸ் கேட்காது. மிஞ்சுவது உங்கள் வலது கை. பாட்டை நிறுத்திவிட்டு அதை மட்டும் கேட்டு ஒருவர் காலைத் தட்டினால், அடுத்த நிகழ்ச்சிக்கு எஃப்-9ஐ ஈ-9க்கு இறக்கலாம்.