வெள்ளி நாணயத்தில் விபூதி போடலாமா?

கேள்வி: மெல்போர்னில் இருக்கும் மகள் சில வருஷத்துக்கு முன்னால் ஒரு வெள்ளி நாணயம் கொண்டுவந்து கொடுத்தாள். ஆஸ்திரேலியப் பூர்வகுடி ஓவியமாம். கங்காரு, சுற்றிலும் புள்ளிகள். மறுபக்கம் ராணியின் தலை, 1 டாலர் என்ற எழுத்து. இப்போது ஓரமெல்லாம் கறுத்திருக்கிறது. விபூதி போட்டுத் துலக்கலாமா? விற்றால் என்ன தேறும்?
- மதுரை வாசகி

முதலில் விபூதியைக் கீழே வையுங்கள், அம்மா. குங்குமச் சிமிழுக்கும் வெள்ளி டம்ளருக்கும் அது சரி. சேகரிப்பு நாணயத்தின் வெற்றுப் பரப்பு பெரும்பாலும் முகம் பார்க்கும் கண்ணாடி போல இருக்கும். ஒரு தடவை தேய்த்தாலே முடி அளவுக்குக் கீறல் விழுந்துவிடும். வாங்க வருகிறவர் விளக்கடியில் லேசாகச் சாய்த்துப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார். நானும் ஒரு காலத்தில் பற்பசை போட்டுத் தேய்த்தவன்தான். அந்த நாணயம் இன்றுவரை விலைபோகாமல் என்னிடமே கிடக்கிறது.

அந்தக் கறுப்பு அழுக்கும் இல்லை. காற்றில் உள்ள கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து உண்டாகும் படலம் அது. இருந்துவிட்டுப் போகட்டும், மேலும் பரவாமல் பார்த்துக்கொண்டால் போதும். ரப்பர் பேண்டில் கந்தகம் உண்டு, அதைச் சுற்றாதீர்கள். வளையும் பிளாஸ்டிக் உறையிலும் வேண்டாம், நாளாக ஆகப் பச்சையாகப் பிசுபிசுக்கும். கெட்டியான வட்டக் கூட்டில் போட்டு, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் ஒன்றைப் பக்கத்தில் வையுங்கள். எடுக்கும்போது விளிம்பை மட்டும் பிடியுங்கள்.

விலைக்கு வருவோம். 1 டாலர் என்பது சட்டத்துக்காகப் பொறித்த எண், அதை மறந்துவிடுங்கள். இந்த வகை பெரும்பாலும் ஒரு டிராய் அவுன்ஸ், அதாவது 31.1 கிராம், ஏறக்குறைய நான்கு பவுன் எடை. நகைக்கடைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். இதே அளவில் வெள்ளி முலாம் பூசிய செம்பு என்றால் 26 அல்லது 27 கிராம்தான் காட்டும். எடை சரியாக இருந்தால் அன்றைய கிராம் விலையால் பெருக்குங்கள். நகைக்கடையில் அதிலும் கழிவு போகத்தான் கிடைக்கும், ஓவியத்துக்கென்று ஒரு ரூபாய்கூடச் சேர்க்க மாட்டார்கள். அதனால் அங்கே நிறுப்பதோடு சரி, விற்க வேண்டாம்.

சேகரிப்பவர் கூடுதலாகக் கொடுப்பது ஓவியரின் பெயருக்கு. பூர்வகுடி 'பாணி' வேறு, பூர்வகுடி ஓவியர் வரைந்தது வேறு. ஆஸ்திரேலியாவின் 2 டாலர் நாணயத்தில் 1988 முதல் ஒரு பூர்வகுடிப் பெரியவரின் முகம் இருக்கிறது, ஆனால் அதை வடிவமைத்த ஹார்ஸ்ட் ஹானே பூர்வகுடியினர் அல்ல. அதைவிட மோசம் 1966இல் வந்த 1 டாலர் நோட்டு. வட ஆஸ்திரேலியாவின் ஆர்ன்ஹெம் லேண்டைச் சேர்ந்த பூர்வகுடி ஓவியர் டேவிட் மலாங்கி மரப்பட்டையில் வரைந்த ஓவியத்தை அவரைக் கேட்காமலே அதன் பின்பக்கத்தில் போட்டுவிட்டார்கள். ஒரு வேட்டைக்காரனின் ஈமச் சடங்கைச் சொல்லும் ஓவியம் அது. விஷயம் வெளியே வந்த பிறகு ஆஸ்திரேலிய ரிசர்வ் வங்கி அவருக்கு 1,000 டாலர், ஒரு பதக்கம், மீன்பிடிக் கருவிகள் எல்லாம் கொடுத்தது. அந்த நாட்டில் பூர்வகுடிகளின் ஓவிய உரிமை பற்றிப் பேசுகிறவர்கள் இந்தக் கதையைச் சொல்லாமல் இருப்பதில்லை.

இப்போது நிலைமை தேவலை. பெர்த் நாணயச்சாலை 2009இல் தொடங்கிய 'டிரீமிங்' வரிசையை டாரில் பெலாட்டி என்ற பூர்வகுடி ஓவியர் வரைந்தார். அதில் கங்காருவும் உண்டு. பூர்வகுடி நில உரிமைக்காக வழக்காடிய எடி மாபோவின் நினைவாக 2017இல் வந்த 50 சென்ட் நாணயத்தை வரைந்தவர் அவருடைய பேத்தி பொனீட்டா-மேரி மாபோ (அது வெள்ளி நாணயம் இல்லை). போலிகளும் இல்லாமல் இல்லை. இந்தோனேசியாவில் செய்த பூமராங்குகளைப் பூர்வகுடிக் கைவேலை போலக் காட்டி விற்ற ஒரு நிறுவனத்துக்கு 2019இல் ஆஸ்திரேலிய நீதிமன்றம் 23 லட்சம் டாலர் அபராதம் போட்டது.

உங்கள் நாணயத்தோடு ஒரு பெட்டியும் எண்ணிட்ட சான்றிதழும் வந்திருக்க வேண்டும். ஓவியரின் பெயர் பெரும்பாலும் அந்தத் தாளில் இருக்கும். அது இல்லாமல் ஏலக்காரரிடம் போனால் வெள்ளி விலையை ஒட்டியே பேசுவார். மகள் வீட்டு அலமாரியில் கிடக்கிறதா என்று இன்றைக்கே போன் போட்டுக் கேளுங்கள்.