ஆரி கிளாஸா, தையலா, ஃபேஷன் டிசைனிங்கா: எதிலிருந்து ஆரம்பிப்பது?

டிகிரி முடித்தாயிற்று, துணி மேல் ஆசை அதிகம், பக்கத்தில் ஆரி (கொக்கி ஊசியில் போடும் எம்பிராய்டரி) கிளாஸ் நடக்கிறது அதில் சேரலாமா, இல்லை ஃபேஷன் டிசைனிங் டிப்ளமோ படிக்கலாமா, மெஷின் எது வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மதுரையில் லேடீஸ் தையல் கடை வைத்திருக்கிறேன், ஆரி வேலையும் எடுத்துச் செய்கிறோம், கற்றுக்கொள்ள வருகிறவர்களும் உண்டு. என் பதில் நேரானது: முதலில் தையல், அதிலும் ஜாக்கெட் வரைக்கும். அப்புறம் ஆரி. டிப்ளமோ வேண்டுமா என்பது இது ரெண்டும் கொஞ்சம் கைக்கு வந்தபின் யோசிக்க வேண்டியது.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்றால், ஆரி வேலை துணியை வெட்டுவதற்கு முன்னாலேயே போடுவது. ஃப்ரேமில் துணியை இழுத்துக் கட்டி, கழுத்து, முதுகு, கை என்று ஜாக்கெட்டின் கோடு முழுவதையும் அதில் வரைந்து, தையல் எங்கே விழும் என்று குறித்துக்கொண்டு, அதற்கு உள்ளேதான் டிசைனை நிறுத்த வேண்டும். வெட்டத் தெரியாதவரால் இந்தக் கோட்டைப் போட முடியாது, வேறு யாராவது வரைந்து தந்ததை நிரப்பிக் கொடுக்கலாம், அவ்வளவுதான். போன முகூர்த்த சீசனில் ஒரு பெண் வேறு இடத்தில் ஆரி போட்ட துணியைத் தைப்பதற்கு என்னிடம் கொண்டுவந்தார். வேலை அத்தனை சுத்தம், குறையே சொல்ல முடியாது, ஆனால் கையில் போட்ட பார்டர் இரண்டு பக்கமும் தையல் இடத்தைத் தாண்டி ஓடியிருந்தது. மெஷின் ஊசி பாசியில் இறங்கினால் ஊசி உடையும், இல்லையென்றால் பாசி தெறிக்கும். இடுக்கியை வைத்து ஓரத்துப் பாசிகளை ஒவ்வொன்றாக நசுக்கி எடுத்து, அறுந்த நூலைப் பின்பக்கம் முடிச்சுப் போட்டு, அதற்கு அப்புறம்தான் கையை மூட்டவே முடிந்தது.

கழுத்து இன்னும் சிக்கல். சாதா ஜாக்கெட்டில் கழுத்து கொஞ்சம் அகலமாகிவிட்டால் ஷோல்டரில் பிடித்துச் சமாளித்துவிடலாம். ஆரி வரிசை கழுத்து விளிம்பை ஒட்டியே போகிறது, அங்கே பிடித்தால் டிசைன் மடிப்புக்குள் போய்விடும், முன்னும் பின்னும் பொருந்தாது. ஆயிரக்கணக்கில் செலவு செய்த வேலை பெட்டியிலேயே கிடக்கும்.

சரி, தையலை எங்கே ஆரம்பிப்பது? நூல் கோர்க்காத மெஷினில், காகிதத்தில். கோடு போட்ட நோட்டுத் தாளை எடுத்து அந்தக் கோட்டின் மேலேயே ஊசி போகும்படி மிதித்துப் பாருங்கள், நேர்கோடு வந்ததும் வளைவு, வட்டம், மூலையில் ஊசியைத் தாளுக்குள் இறக்கிவைத்துத் திருப்புவது. சலிப்பாக இருக்கும், ஆனால் காலும் கையும் ஒன்றாக ஓட வேறு வழி கிடையாது. அப்புறம் தலையணை உறை, ஆறு பீஸ் உள்பாவாடை, நைட்டி, குழந்தைக்கு ஒரு ஃபிராக் என்று போங்கள். உள்பாவாடையை லேசாக நினைக்காதீர்கள், சரிந்த ஓரத்தை நேர் ஓரத்தோடு சேர்த்துத் தைக்கும்போது சரிந்த பக்கம் இழுபட்டு நீளும் என்பது அதில்தான் கைக்குத் தெரியும். நேர் நூல், குறுக்கு நூல், கிராஸ் (மூலைவாட்டம்) என்று வகுப்பில் சொல்வதெல்லாம் இந்த ஒரு விஷயத்துக்குத்தான். கிராஸாக வெட்டிய துணி இழுபடும் என்பதால்தான் கழுத்துக்கு வைக்கும் பைப்பிங்கை கிராஸில் வெட்டுகிறோம், வளைவில் சுருங்காமல் படிந்து உட்காரும். காட்டன் துணியையும் லைனிங்கையும் வெட்டுவதற்கு முன் தண்ணீரில் நனைத்துக் காயவைத்துத் தேய்த்துவிடுங்கள், இல்லையென்றால் முதல் துவையலில் லைனிங் சுருங்கி மேல்துணி தொய்ந்து நிற்கும்.

ஜாக்கெட்டுக்கு வந்தால், நம் ஊரில் முக்கால்வாசிப் பேர் உடம்பில் அளவெடுக்க விடுவதில்லை. "இதே மாதிரி தைச்சுக் குடுங்கக்கா" என்று ஒரு அளவு ஜாக்கெட்டை வைத்துவிட்டுப் போவார்கள். அந்த ஜாக்கெட்டில் இருக்கிற குறை எல்லாம் புதுசிலும் அப்படியே வரும். அதனால் வாங்கும்போதே "இதுல எங்க பிடிக்குது, எங்க லூசா இருக்கு, கையைத் தூக்கினா மேல ஏறுதா?" என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அளவு ஜாக்கெட் துவைத்துத் துவைத்து இளகின காட்டன், தைக்கப் போவது கொஞ்சமும் விட்டுக்கொடுக்காத டிஷ்யூ பட்டு என்றால் அதே அளவு உடம்பில் இறுக்கிப் பிடிக்கும்.

கையைத் தூக்கினால் ஏறுகிற சங்கதி பலரைக் குழப்பும். கைக்குழி இறுக்கமாக இருக்கிறது என்று நினைத்து இன்னும் ஆழமாக வெட்டிவிடுவார்கள். பெரும்பாலும் நடப்பது இதற்கு நேர் எதிர்: கைக்குழி ரொம்ப இறங்கியிருந்தால் கை தூக்கும்போது பக்கத் துணி முழுவதையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். அக்குளுக்குப் பக்கத்திலேயே, உரசாத அளவுக்கு, கைக்குழி நின்றால்தான் கை தாராளமாகப் போகும். டாட்டும் (உடம்பின் வளைவுக்காகத் துணியை மடித்துத் தைப்பது) அப்படித்தான், முனையை மார்பின் உச்சி வரைக்கும் கொண்டுபோய்விட்டால் அங்கே கூம்பு மாதிரி நிற்கும், சுமார் 1 இஞ்ச் முன்னாலேயே முடித்துவிட வேண்டும், கடைசித் தையல்கள் மடிப்பு ஓரத்தோடு ஓரமாகக் கரைந்து போக வேண்டும். பக்கத்தில் உள்ளே ஒன்றரை இஞ்ச் விட்டு இரண்டு மூன்று தையல் போட்டுக் கொடுங்கள், கல்யாணத்துக்குப் பிறகோ பிரசவத்துக்குப் பிறகோ ஒரு தையலைப் பிரித்துவிட்டால் அதே ஜாக்கெட் போடலாம். இதெல்லாம் வீடியோ பார்த்தும் தெரிந்துகொள்ளலாம்தான், ஆனால் வீடியோவில் தைக்கிறவருக்கு எதிரில் நிற்பது எப்போதும் ஒரே உடம்பு. உங்களுக்கு இறங்கின தோள், கூனின முதுகு, ஒரு பக்கம் ஏறின ஷோல்டர் எல்லாம் வரும். அம்மா, சித்தி, பக்கத்து வீட்டு அக்கா என்று மூன்று நான்கு விதமான உடம்புக்குக் காடா துணியில் தைத்து, போடவைத்து, பின் குத்தி, பிரித்து, திரும்பத் தைத்துப் பாருங்கள்.

மெஷின் விஷயத்தில் எல்லோரும் அளவுக்கு மீறி யோசிக்கிறார்கள். ஆரம்பத்துக்கு உஷா, சிங்கர், மெரிட் மாதிரி ஒரு சாதாரண கால் மெஷின் போதும், நல்ல நிலையில் இருந்தால் பழையது கூடப் போதும், வேகம் வந்தபின் மோட்டார் மாட்டிக்கொள்ளலாம். நூறு விதமான அலங்காரத் தையல் போடும் மெஷினை வாங்கிவிட்டு நேர்த்தையலை மட்டுமே போட்டுக்கொண்டிருப்பவர்கள் ஏராளம். பவர் மெஷின் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான தையல் ஓடும், புதுசாகக் கற்பவர் கையில் அது தப்பை வேகமாகச் செய்யும். மெஷினை விட ஊசியைக் கவனியுங்கள். மெல்லிய பட்டுக்கு 11, சாதாரண காட்டனுக்கு 14, ஜீன்ஸுக்கு 16. தையல் விட்டுவிட்டு விழுந்தால் முதலில் ஊசியை மாற்றுங்கள், தட்டைப் பக்கம் எந்தத் திசையில் வரணும் என்பது மெஷினுக்கு மெஷின் மாறும், அதையும் பாருங்கள். அடிப்பக்கம் நூல் கொத்துக் கொத்தாகச் சேர்ந்தால் எல்லோரும் அடிநூல் இருக்கும் பாபின் கேஸைத் திருகுவார்கள், கோளாறு பெரும்பாலும் மேல் நூல் கோர்த்ததில்தான் இருக்கும். ஃபுட்டைத் தூக்கிவைத்துவிட்டு மேல் நூலைத் திரும்பக் கோர்த்தாலே பாதி சரியாகிவிடும்.

ஆரிக்கு வருவோம். நுனியில் சின்னக் கொக்கி உள்ள ஊசி, நூல் துணிக்குக் கீழே இடது கையில், மேலே இருந்து ஊசி இறங்கி நூலைக் கவ்வி மேலே இழுத்துச் சங்கிலித் தையல் போடும். கைப்பழக்கம் முழுக்க ஊசியைத் திருப்பி வெளியே எடுப்பதில் இருக்கிறது, இல்லையென்றால் கொக்கி துணியைப் பிடித்து இழுத்து நூலிழையைக் கிழித்துவிடும். துணி முரசு மாதிரி விறைப்பாக இருக்க வேண்டும், தளர்ந்தால் வேலை சுருங்கும். வரிசையை முடிக்கும்போது முடிச்சைச் சரியாகப் பூட்டாவிட்டால் ஒரு முனையை இழுத்ததும் மொத்தச் சங்கிலியும் அவிழ்ந்து வந்துவிடும், வாடிக்கையாளர் வளையலில் மாட்டி இழுத்தாலும் அதேதான். ஆனால் கற்கும்போது இதே குணம் நல்லது, தப்பாகப் போட்டதை நொடியில் பிரித்துவிடலாம். நான் சங்கிலித் தையலை மட்டுமே முதல் மாசம் போடச் சொல்வேன், பாசி, சமிக்கி, குந்தன் கல், ஜர்தோசிக் கம்பி எல்லாம் அப்புறம். முதல் நாளே பாசி கோர்க்கச் சொல்லி மூன்று நாளில் ஒரு பூவை முடிக்கவைத்துப் படம் எடுத்து அனுப்பும் வகுப்பு என்றால் கொஞ்சம் யோசியுங்கள்.

ஒரு சின்ன விஷயம், எனக்குப் பிடித்தது. இந்தக் கொக்கி ஊசி வேலை 18-ம் நூற்றாண்டில் கிழக்கிலிருந்து ஐரோப்பாவுக்குப் போய் அங்கே பெரிய நாகரிகமாகியது. 1830-ல் பிரான்ஸில் பார்த்தெலெமி திமோனியே என்ற தையல்காரர் காப்புரிமை வாங்கிய தையல் மெஷின், அந்தக் கொக்கி ஊசியையே வைத்து ஒற்றை நூலில் சங்கிலித் தையல் போட்டது. பாபின் வைத்து இரண்டு நூலைப் பூட்டும் தையலுக்கு எலியாஸ் ஹோ காப்புரிமை வாங்கியது 1846-ல். ஆக, ஆரி பழசு மெஷின் புதுசு என்று இரண்டாகப் பிரித்துப் பார்க்க ஒன்றுமில்லை.

டிசைன் என்று நீங்கள் கேட்டது உண்மையில் எதைப் போடுவது, எவ்வளவு போடுவது என்பது. எல்லாக் கடையிலும் அதே மயில், அதே யானை, அதே மாங்காய் ஓடுகிறது, ஏனென்றால் எல்லோரும் ஒரே டிரேசிங் ஷீட்டை வாங்குகிறார்கள். புடவையை விரித்துப் பாருங்கள், அதன் கரையிலோ முந்தியிலோ ஒரு உருவம் இருக்கும், அதைச் சிறிதாக்கியோ பாதியாக வெட்டியோ கையில் வைத்தாலே தனியாகத் தெரியும். நூல் நிறத்தைப் பகல் வெளிச்சத்தில் புடவை மேல் வைத்துத் தேர்ந்தெடுங்கள், பழைய காஞ்சிபுரம் சரிகைக்குப் பக்கத்தில் புது மஞ்சள் ஜரி நூல் கத்தும், கொஞ்சம் மங்கலான ஆன்டிக் ஜரிதான் ஒத்துப்போகும். நேரம் கிடைத்தால் நீலகிரி தோடர் எம்பிராய்டரியைப் பக்கத்தில் பாருங்கள். வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்பும் மட்டும், வரைந்துகொள்வது கிடையாது, துணியின் இழையை எண்ணி எண்ணிப் போடுகிறார்கள். 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. இரண்டே நிறத்தில் இவ்வளவு முடியும் என்று பார்த்தபின் கையில் ஏழு நிறம் வைக்கத் தோன்றாது.

கம்ப்யூட்டர் எம்பிராய்டரி வேறு தொழில், அதில் மூளை டிஜிட்டைசிங்கில், அதாவது படத்தை மெஷினுக்குப் புரியும் தையலாக மாற்றுவதில் இருக்கிறது. படத்தை அப்படியே தையலாக மாற்றினால் நூல் துணியை இழுப்பதால் வட்டம் முட்டை வடிவமாகிவிடும், அதைக் கணக்குப் பண்ணி முன்கூட்டியே அகலப்படுத்துபவருக்குத்தான் வேலை கிடைக்கும். மெஷின் வாங்குவதற்கு முன் அந்தச் சாப்ட்வேரைக் கற்றுப் பாருங்கள்.

இனி படிப்பு. காசு கட்டுவதற்கு முன் உங்கள் மாவட்டத்தில் வங்கி நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனம் இருக்கிறதா என்று விசாரியுங்கள், ஊரகப் பகுதியில் இருப்பவர் என்றால் தையல் பயிற்சியும் சாப்பாடும் இலவசம். ஐடிஐயில் தையல் தொழில்நுட்பம் ஒரு வருஷப் படிப்பு, எம்பிராய்டரிக்கும் தனியாக ஒரு வருஷப் படிப்பு இருக்கிறது. ஃபேஷன் டிசைனிங்கை முழுசாக எடுக்க ஆசை என்றால் சென்னை தரமணியில் மத்திய அரசின் ஃபேஷன் கல்லூரியான நிஃப்ட் இருக்கிறது, 1995-லிருந்து, நுழைவுத்தேர்வு எழுத வேண்டும், செலவும் கூட. கோயம்புத்தூர்ப் பக்கக் கல்லூரிகளில் காஸ்ட்யூம் டிசைன் அண்ட் ஃபேஷன் என்று பிஎஸ்ஸி உண்டு, அதைப் படித்தவர்கள் பலர் திருப்பூரில் மெர்ச்சண்டைசராகப் போகிறார்கள், அங்கே துணி தைப்பதை விட சரக்கு வாங்கும் கம்பெனிக்கு மெயில் போடுவதும் ஷிப்மென்ட் தேதியைத் துரத்துவதும்தான் அன்றாட வேலை. அது பிடிக்குமா என்று உங்களுக்குத்தான் தெரியும். திருப்பூரில் எனக்கு மரியாதை பேட்டர்ன் மாஸ்டர் மேல், ஓவியத்தைப் பார்த்துக் காகிதத்தில் வெட்டு வடிவமாக மாற்றத் தெரிந்தவர், அந்த ஆளுக்குப் பஞ்சம் எப்போதும் உண்டு. தெருமுனை டிப்ளமோவில் சேருவதாக இருந்தால் ஒரு நாள் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள், பழைய மாணவிகள் தைத்த ஜாக்கெட்டின் உள்பக்கத்தைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள்.

கடைசியாகக் காசு. தையல்கூலி சொல்லும்போது நூல், லைனிங், கொக்கி மட்டும் கணக்குப் போட்டு உங்கள் நேரத்தை விட்டுவிடாதீர்கள், ஆரிக்கு மணிக்கு இவ்வளவு என்று ஒரு விலை வைத்துக்கொண்டு, ஒரு சாண் பார்டர் போட எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறித்துவைத்து அதிலிருந்து சொல்லுங்கள். முதல் வருஷம் கல்யாணப் பெண்ணின் முகூர்த்த ஜாக்கெட்டை எடுக்க வேண்டாம், அவருடைய அத்தை, தங்கச்சி ஜாக்கெட்டுகளை எடுங்கள். தை, வைகாசி, ஆவணி மூன்றிலும் ஆர்டர் ஒரே நேரத்தில் குவியும், அப்போது பாதிப் பணம் முன்பணமாக வாங்காமல் துணியை ஃப்ரேமில் கட்டாதீர்கள்.