மலைப்பாதையில் மின்சைக்கிள்: கேள்வி பதில்

மோட்டார் பொருத்திய மலைச் சைக்கிளைக் கரடுமுரடான ஒற்றையடிப் பாதைகளில் ஓட்டுபவர்களின் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும். பெடல் மிதித்தால் மட்டும் மோட்டார் உதவும் வகையைப் பற்றித்தான் இங்கே பேசுகிறோம். மிதிக்காமலே ஓட்டும் த்ராட்டில் (கை முடுக்கி) வைத்த வண்டிகளுக்கு இவற்றில் பல பொருந்தாது.

கேள்வி: என் சைக்கிளில் பாஷ் சிஎக்ஸ் மோட்டார், 625 வாட் அவர் பேட்டரி. நூறு கிலோமீட்டர் போகும் என்றார்கள். மலையில் 35 கிலோமீட்டரிலேயே தீர்ந்துவிடுகிறது. பேட்டரி கெட்டுவிட்டதா சார்?

பேட்டரி நன்றாகவே இருக்கும். மலையில் கிலோமீட்டரைப் பார்க்காதீர்கள், ஏறிய உயரத்தைப் பாருங்கள். நீங்கள் 80 கிலோ, சைக்கிள் 24, பையும் தண்ணீரும் 6 என்றால் மொத்தம் 110 கிலோ. இதை 1000 மீட்டர் உயரத்துக்குத் தூக்கவே சுமார் 300 வாட் அவர் வேண்டும். மண், வேர், சரளை ஆகியவற்றின் உராய்வையும் மோட்டாரில் வெப்பமாக வீணாவதையும் சேர்த்தால் தேவை இன்னும் கூடும். ஆகக் கூடுதல் உதவி தரும் டர்போ மோடில் மோட்டார் உங்கள் உழைப்பைப் போல 3.4 மடங்கு தருகிறது, அதாவது வேலையில் முக்கால் பங்கு அதன் தலையில். அப்போது 1000 மீட்டருக்கு 400 முதல் 450 வாட் அவர் செலவாவது இயல்பு. ஆகக் குறைந்த உதவி தரும் ஈகோவில் மோட்டார் உங்கள் உழைப்பில் 60 விழுக்காடுதான் தருகிறது, செலவும் ஏறக்குறைய பாதியாகும்.

ஆக, உங்கள் பேட்டரிக்கு டர்போவிலேயே ஓட்டினால் 1400 மீட்டர் ஏற்றம், கலந்து ஓட்டினால் 2000 மீட்டரை ஒட்டி. அடுத்த முறை கிளம்பும்போதும் திரும்பும்போதும் பேட்டரி விழுக்காட்டையும் மொத்த ஏற்றத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று முறை குறித்தால் நூறு மீட்டருக்கு எத்தனை விழுக்காடு என்ற உங்கள் சொந்தக் கணக்கு கிடைத்துவிடும். திரையில் காட்டும் மீதித் தூரத்தைவிட அது நம்பகமானது. திரை கடந்த சில கிலோமீட்டரை வைத்துத்தான் கணிக்கிறது, முன்னால் என்ன ஏற்றம் இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது.

கேள்வி: செங்குத்தான ஏற்றத்தில் முன்சக்கரம் தூக்குகிறது. முன்னால் சாய்ந்தால் பின்சக்கரம் வழுக்கிச் சுற்றுகிறது. எதைச் சரிசெய்வது?

முதலில் கியர். பெரும்பாலானவர்கள் மோட்டாரை நம்பிக் கனமான கியரில் மெதுவாக அழுத்தி மிதிக்கிறார்கள். இந்த வகை மோட்டாருக்கு அது ஒத்துவராது. 85 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை உள்ள மோட்டார், பெடல் பூட்டிய தண்டான கிராங்க் நிமிடத்துக்கு 40 சுற்று சுற்றும்போது கூடிப்போனால் 355 வாட் தரும். அதே மோட்டார் 70 சுற்றில் 600 வாட்டைத் தொட்டுவிடும். விசையைச் சுழல்வேகத்தால் பெருக்கினால்தான் திறன், அதனால் கால் மெதுவாகச் சுற்றினால் மோட்டாரின் கையும் கட்டப்பட்டுவிடும். ஏற்றம் தொடங்கும் முன்பே இலேசான கியருக்கு வந்து, 70 முதல் 90 சுற்றில் கால்களை வையுங்கள். வழுக்கலும் பாதி குறையும். மெதுவாக அழுத்தினால் ஒவ்வொரு மிதியும் ஒரு உதை. வேகமாகச் சுற்றினால் விசை சீராகப் போகும், டயர் மண்ணைப் பிடித்துக்கொள்ளும்.

அடுத்தது மோட். பாஷில் ஈ-எம்டிபி, ஷிமானோவில் டிரெயில். இவை நீங்கள் மிதிக்கும் அழுத்தத்துக்கு ஏற்ப உதவியைக் கூட்டிக் குறைப்பவை. ஈரமான வேரிலும் உதிரிச் சரளையிலும் டர்போ கூடாது. காய்ந்த பாறையில் தாராளமாகப் போடலாம்.

பிறகு உடம்பு. சீட்டை முழு உயரத்திலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் இறக்குங்கள். அதன் நுனிக்கு நகர்ந்து உட்காருங்கள், எழுந்து நிற்க வேண்டாம். முழங்கையை மடக்கி, மார்பை ஹேண்டில் பக்கம் தாழ்த்துங்கள். ஹேண்டிலை மேலே இழுக்காமல் கீழ்நோக்கிப் பின்னுக்கு இழுங்கள். முன்சக்கரம் தூக்கினால் இன்னும் ஒரு அங்குலம் முன்னால், பின்சக்கரம் வழுக்கினால் ஒரு அங்குலம் பின்னால். அதற்கு மேல் நகரத் தேவையில்லை.

கொண்டை ஊசி வளைவில் உள்பக்கம் எப்போதும் செங்குத்தாக இருக்கும். வெளி விளிம்பை ஒட்டி வந்து, தாமதமாகத் திரும்புங்கள். பின்பிரேக்கை இலேசாகப் பிடித்துக்கொண்டே மிதித்தால் மோட்டாரின் திடீர்த் தள்ளல் அடங்கும்.

கேள்வி: அதே ஏற்றத்தில் நடுவில் நின்றுவிட்டால் மறுபடி எப்படிக் கிளம்புவது? ஏறி உட்காரும் முன்பே சைக்கிள் பாய்கிறது.

பின்பிரேக்கைப் பிடித்தபடி, மோடை டர்போவிலிருந்து இறக்குங்கள். கியர் கனமாக மாட்டியிருந்தால் பின்சக்கரத்தைத் தூக்கிக் கையால் பெடலைச் சுற்றி இலேசாக்குங்கள். பாதைக்குச் சற்றுக் குறுக்காகச் சைக்கிளை நிறுத்தி, மேட்டுப் பக்கம் உள்ள காலைத் தரையில் ஊன்றுங்கள். மற்றக் காலின் பெடல் மேல்நிலைக்குச் சற்று முன்னால், கடிகாரத்தில் இரண்டு மணி முள் காட்டும் கோணத்தில் இருக்கட்டும். நுனியில் உட்கார்ந்து, மிதித்துக்கொண்டே பிரேக்கை மெல்ல விடுங்கள். அழுத்தம் பட்டதுமே மோட்டார் வேலை செய்யும், எனவே உட்காரும் வரை அந்தப் பெடலில் எடை வைக்காதீர்கள். பாய்வதற்குக் காரணம் அதுதான். இரண்டு முறை முயன்றும் வராத இடத்தில் நடைத் துணை பொத்தானை அழுத்திக்கொண்டு பக்கத்தில் நடப்பதே நல்லது.

கேள்வி: பெடல் பாறையில் இடித்துக்கொண்டே இருக்கிறது அண்ணா. சாதாரண சைக்கிளில் இவ்வளவு இல்லை.

சாதாரண சைக்கிளில் தள்ளிக்கொண்டு போன இடங்களில் எல்லாம் இப்போது மிதிக்கிறீர்கள், அதனால்தான். கிராங்க் நீளத்தைப் பாருங்கள். 170 மில்லிமீட்டர் இருந்தால் 160க்கோ 155க்கோ மாற்றுங்கள். மோட்டார் இருப்பதால் குறுகிய கிராங்கால் இழப்பது மிகக் குறைவு, கால் வேகமாகச் சுற்றவும் எளிது. மோட்டாரின் அச்சு வகைக்குப் பொருந்தும் கிராங்காகப் பார்த்து வாங்குங்கள். ஷாக் அளவுக்கு மேல் அமுங்கினாலும் பெடல் தாழும், அதைக் கீழே டயர் பதிலில் சொல்கிறேன்.

பாறை வரும் இடத்தில் முழுச் சுற்று மிதிக்காமல், கால் சுற்று மிதித்துக் கால் சுற்று பின்னால் எடுத்து மறுபடி மிதியுங்கள். மிதிப்பதை நிறுத்திய பின்னும் ஒரு கணம் தள்ளும் வசதி பல மோட்டார்களில் உண்டு. பாறைப் படிக்குச் சற்று முன்னால் ஒரு அழுத்தமான மிதி கொடுத்து, பெடல்களைக் கிடைமட்டமாக வைத்தால் அந்தத் தள்ளலிலேயே பின்சக்கரம் ஏறிவிடும். சமதரையில் ஒரு மரக்கட்டையைப் போட்டுப் பழகுங்கள்.

கேள்வி: செயின் ஒரே பருவத்தில் இரண்டு முறை அறுந்துவிட்டது. தரமான 12 வேகச் செயின்தான். எதனால்?

சுமையோடு கியர் மாற்றுவதால். 34 பல் உள்ள முன்பல்சக்கரத்தின் ஆரம் சுமார் 69 மில்லிமீட்டர். 85 நியூட்டன் மீட்டர் அதில் செயல்பட்டால், மோட்டார் மட்டுமே செயினை ஏறக்குறைய 125 கிலோ எடை தொங்குவதற்குச் சமமான விசையில் இழுக்கிறது. உங்கள் கால் விசை அதற்கு மேல். செயின் ஒரு பல்சக்கரத்திலிருந்து அடுத்ததற்குச் சாய்ந்து ஏறும் நேரத்தில் இந்த விசை விழுந்தால் வெளித்தகடு நெளியும். அன்றைக்கே அறுகாது. பிறகு ஏதோ ஒரு ஏற்றத்தில் அந்தக் கண்ணி விடும், அதனால்தான் காரணம் புரியாமல் போகிறது.

ஒரு பொத்தானுக்கு ஒரு கியர் மட்டும் மாற்றுங்கள். மாற்றும் அரைச் சுற்றில் கால் சுற்றட்டும், அழுத்தம் வேண்டாம். செயின் தேய்மான அளவியில் 0.5 விழுக்காடு காட்டியதும் புதுச் செயின் போடுங்கள். அதைத் தாண்டினால் பின்பல்சக்கரமும் சேர்ந்து தேய்ந்து, புதுச் செயின் பழைய பற்களில் தாவும். பின்பல்சக்கரம் மாற்றும்போது அலுமினியம் கலந்த இலேசான வகையைத் தவிர்த்து எஃகு வாங்குங்கள். இருநூறு கிராம் கூடினாலும் மோட்டார் உள்ள சைக்கிளில் அது தெரியாது. அறுந்த செயினைப் பூட்டும் இணைப்புக் கண்ணி அதே வேக எண்ணிக்கைக்கு உரியதாக இருக்க வேண்டும், 12 வேகத்தில் கழற்றிய கண்ணியை மறுபடி பூட்டக் கூடாது. பையில் ஒரு புதுக் கண்ணியும் செயின் கழற்றியும் எப்போதும் இருக்கட்டும்.

கேள்வி: நீண்ட இறக்கத்தில் பிரேக் நெம்பு ஹேண்டில் வரை வந்துவிடுகிறது, கூச்சலும் போடுகிறது. எடை 92 கிலோ.

நெம்பு ஹேண்டிலைத் தொடும் சைக்கிளை இறக்கத்தில் ஓட்டாதீர்கள். முதலில் டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பிரேக் பேடைக் கழற்றிப் பாருங்கள். உராயும் பொருள் 1 மில்லிமீட்டருக்குக் கீழே போயிருந்தால் மாற்றுங்கள், 0.5 என்பது கடைசி எல்லை. பேடு நன்றாக இருந்தும் நெம்பு பஞ்சு போல அமுங்கினால் குழாயில் காற்று இருக்கிறது, எண்ணெயை மாற்றிக் காற்றை வெளியேற்ற வேண்டும். மினரல் ஆயில் கேட்கும் பிரேக்கில் டாட் திரவமோ, டாட் கேட்கும் பிரேக்கில் மினரல் ஆயிலோ ஊற்றினால் உள்ளே உள்ள ரப்பர் வளையங்கள் கெட்டுவிடும். மூடியில் எழுதியிருப்பதை மட்டும் பயன்படுத்துங்கள்.

உங்கள் எடைக்கு நான்கு பிஸ்டன் பிரேக், முன்னால் 220 அல்லது 203, பின்னால் 203 மில்லிமீட்டர் டிஸ்க் சரியாக இருக்கும். ஃபோர்க் அந்த அளவை அனுமதிக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பேடு உலோகக் கலவை வகை. டிஸ்க்கில் ரெசின் பேடுக்கு மட்டும் என்று பொறித்திருந்தால் டிஸ்க்கையும் மாற்ற வேண்டியிருக்கும். புதுப் பேடைப் பழக்காமல் மலைக்குப் போகக் கூடாது. சமதரையில் 20 முதல் 25 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நடை வேகம் வரை, சக்கரம் பூட்டாமல், ஒவ்வொரு பிரேக்குக்கும் பதினைந்து இருபது முறை பிடியுங்கள். செயினுக்கு அடித்த எண்ணெய் டிஸ்க்கில் தெறித்திருந்தால் கூச்சல் போகாது. டிஸ்க்கை ஐசோப்ரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, பேடைப் புதிதாகப் போடுவதுதான் வழி.

ஓட்டும் முறையும் முக்கியம். இறக்கம் முழுக்க இலேசாகப் பிடித்தே வந்தால் டிஸ்க் ஆற நேரமே கிடைக்காது. வளைவுக்கு முன் நேர்ப்பாதையில் இரண்டு பிரேக்கையும் அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் விட்டுவிடுங்கள். சாதாரண சைக்கிளைவிட எட்டு பத்து கிலோ கூடுதல் என்பதால் பிடிக்கத் தொடங்கும் இடத்தைச் சில மீட்டர் முன்னால் நகர்த்துங்கள்.

கேள்வி: மேலே கேட்டவர்தான். டயரில் எவ்வளவு காற்று வைப்பது?

29 அங்குலச் சக்கரம், 2.5 டயர், ட்யூப்லெஸ், கனமான உறை என்று வைத்துக்கொண்டால் முன்னால் 23, பின்னால் 26 பி.எஸ்.ஐ.யில் தொடங்குங்கள். பாறையில் ரிம் இடிக்கும் சத்தம் கேட்டால் இரண்டு கூட்டுங்கள். வேர்களில் தாவித் தெறித்தால் ஒவ்வொன்றாகக் குறையுங்கள். வளைவில் டயர் பக்கவாட்டில் நெளிந்தால் அளவுக்கு மேல் குறைத்துவிட்டீர்கள். பம்ப்பில் உள்ள முள் இந்தக் குறைந்த அழுத்தத்தில் துல்லியமாகக் காட்டாது, தனி டிஜிட்டல் அளவி வாங்குங்கள். துளையை அடைக்கும் திரவமான சீலன்ட் ஒரு டயருக்கு 120 மில்லி. அது காய்ந்துவிடும், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை திறந்து பார்க்க வேண்டும்.

ஷாக்: பையோடும் தண்ணீரோடும் உட்கார்ந்து அளக்க வேண்டும். பின் ஷாக்கின் ஓட்டம் 60 மில்லிமீட்டர் என்றால் அதன் தண்டில் உள்ள ரப்பர் வளையம் 17 முதல் 18 வரை நகர வேண்டும். 20ஐத் தாண்டினால் பெடல் இடிக்கும், ஏற்றத்தில் முன்சக்கரமும் எளிதில் தூக்கும். காற்றைக் கூட்டுங்கள்.

கேள்வி: இரண்டு மாதம் ஓட்டப்போவதில்லை. பேட்டரியை எப்படி வைப்பது? விமானத்தில் கொண்டுபோகலாமா?

30 முதல் 60 விழுக்காடு சார்ஜில், வெயில் படாத உலர்ந்த அறையில். முழுதாக ஏற்றியோ, முழுதாகத் தீர்த்தோ வைக்காதீர்கள். உறைநிலைக்குக் கீழே சார்ஜ் ஏற்றவே கூடாது, மின்கலத்துக்குள் லித்தியம் உலோகமாகப் படிந்து நிரந்தரச் சேதம் ஆகும். குளிரில் ஓட்டிவிட்டு வந்தால் அறைச் சூட்டுக்கு வந்த பிறகு ஏற்றுங்கள். பாறையில் விழுந்து உறை நசுங்கிய பேட்டரியைச் சார்ஜில் போட வேண்டாம். பயணிகள் விமானத்தில் 160 வாட் அவருக்கு மேற்பட்ட பேட்டரிக்கு அனுமதி இல்லை, போகும் இடத்தில் வாடகைக்கு எடுங்கள்.

கேள்வி: நடுவழியில் திரையில் 503 என்று வந்து மோட்டார் நின்றுவிட்டது. நண்பரின் ஷிமானோவில் W013 வருகிறது.

பாஷில் 503 என்றால் வேக உணரியின் கோளாறு. ஆரக்காலில் காந்தம் பூட்டிய வகையானால் அது இடம்பெயர்ந்திருக்கும். ஆரக்காலில் நகர்த்தி, உணரிக்கு நேராக, 5 முதல் 17 மில்லிமீட்டர் இடைவெளியில் இறுக்கி, சைக்கிளை அணைத்து மறுபடி போடுங்கள். சேறும் குச்சியும் சிக்கியிருந்தாலும் இதுவே வரும். நண்பருக்கு: சைக்கிளை அணைத்துவிட்டு, பெடலில் கால் படாமல் மறுபடி போடச் சொல்லுங்கள். தொடங்கும் நொடியில் முறுக்குவிசை உணரி தன் சுழிநிலையைக் கணக்கிடுகிறது, அப்போது பெடலில் எடை இருக்கக் கூடாது.

கேள்வி: மோட்டார் உதவி நின்றுவிடும் 25 கிலோமீட்டர் வேக வரம்பை எடுத்துவிட ஒரு கருவி கிடைக்கிறது. போடலாமா?

வேண்டாம். ஒற்றையடிப் பாதையின் ஏற்றத்தில் 25ஐத் தொடுவதே அரிது, இறக்கத்தில் மோட்டார் தேவையே இல்லை. ஆதாயம் தார்ச்சாலையில் மட்டும். பாஷ் மோட்டார் இதைக் கண்டுபிடித்து 504 காட்டி உதவியைக் குறைத்துவிடும், உத்தரவாதமும் போகும். ஐரோப்பாவில் வரம்பு நீக்கிய சைக்கிள் சட்டப்படி மோட்டார் வாகனமாகிவிடுகிறது, காட்டுப்பாதையில் ஓட்ட முடியாது. பல இடங்களில் இந்தச் சைக்கிள்களைப் பாதைகளில் விடுவதே வரம்பை நம்பித்தான். நடந்து வருபவருக்கு வேகம் குறைத்து, குரல் கொடுத்து, தேவையானால் காலை ஊன்றி நின்று வழிவிடுங்கள். நீங்கள் ஏறிவரும் வேகத்தை அவர்கள் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

கேள்வி: 85 நியூட்டன் மீட்டரா, 50–60 உள்ள இலேசான வகையா? புதிதாக வாங்கப்போகிறேன்.

உடன் ஓட்டுபவர்கள் எதை வைத்திருக்கிறார்களோ அதை முதலில் பாருங்கள். இரண்டு வகையும் ஒரே குழுவில் போனால் ஒருவர் காத்திருப்பார், மற்றவர் மூச்சு வாங்குவார். 1500 மீட்டர் ஏற்றமும் செங்குத்தான கரட்டுப் பாதையும் விரும்பினால் 85, எடை 22 முதல் 25 கிலோ. இறக்கத்தில் சைக்கிளைத் தூக்கித் தாவ விரும்பினால், வேர்ப் படிகளில் தோளில் சுமக்க வேண்டியிருந்தால், 17 முதல் 19 கிலோ எடையுள்ள இலேசான வகை. அதில் பேட்டரி 360, 430 வாட் அவர் அளவில்தான் இருக்கும், காலும் உழைக்க வேண்டும். வாங்கும் முன் மோட்டாரை அணைத்துவிட்டு ஒரு சிறு ஏற்றம் ஏறிப் பாருங்கள். பேட்டரி தீர்ந்த நாளில் வீடு திரும்ப வேண்டிய சைக்கிள் அதுதான்.