கோஜி பெர்ரி தேநீர் கண்ணுக்கு நல்லதா?

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது. சிங்கப்பூரில் என்னோடு இருக்கிறார். மாக்குலா (விழித்திரையின் நடுப்பகுதி) தேய்மானம், நடுத்தர நிலை என்று கண் டாக்டர் சொல்லியிருக்கிறார். பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி, கோஜி பெர்ரி என்ற சிவப்பு உலர்பழமும் சாமந்திப்பூவும் போட்ட தேநீரைத் தினமும் குடிக்கச் சொல்கிறார். கொடுக்கலாமா? இதயத் துடிப்புக் கோளாறுக்காக, ரத்தம் கட்டாமல் இருக்க அம்மா வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறார்.

பதில்: கடைசியாகச் சொன்னீர்களே, அதுதான் முக்கியம். வார்ஃபரின் சாப்பிடும் வரை அம்மாவுக்குக் கோஜி பெர்ரி வேண்டவே வேண்டாம். வார்ஃபரின் சாப்பிட்டு, ஐ.என்.ஆர். அளவு (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்பதைக் காட்டும் எண்) சீராக இருந்த 61 வயதுச் சீனப் பெண் ஒருவர், இந்தப் பழத்தைப் போட்ட கெட்டியான தேநீரைத் தினமும் மூன்று நான்கு கோப்பை குடித்ததில் அது 4.1-க்கு ஏறிவிட்டது. 2001-இல் மருத்துவ இதழில் பதிவான சம்பவம் இது. அந்த அளவில் ரத்தக்கசிவு அபாயம் கூடும். ஏற்கெனவே குடித்திருந்தால், நிறுத்திவிட்டு ரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.

பாட்டி சொன்னதில் விஷயம் இல்லாமல் இல்லை. மாக்குலாவில் இயல்பாகவே இருக்கும் ஜியாஸாந்தின் என்ற மஞ்சள் நிறமி கோஜியில் ஏராளம். கலிபோர்னியாவில் 45 முதல் 65 வயதுள்ள 27 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. வாரம் ஐந்து நாள் 28 கிராம் வீதம் 90 நாள் கோஜி சாப்பிட்டவர்களுக்கு மாக்குலாவில் நிறமி கூடியது. ஆனால் அவர்கள் நோயில்லாதவர்கள். நிறமி கூடினால் நோயாளியின் பார்வை காப்பாற்றப்படும் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. இன்னொன்று, ஜியாஸாந்தின் கொழுப்பில் கரைவது. பழத்தை அடியில் விட்டுவிட்டு வெந்நீரை மட்டும் குடித்தால் அது அதிகம் கிடைக்காது.

சாமந்திப்பூ மாக்குலா நோயைத் தடுக்கும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. சில தேநீர்ப் பொட்டலங்களில் நம் ஊர்த் தகரை விதையும் இருக்கும். அது வயிற்றுப்போக்கை உண்டாக்கும்.

நடுத்தர நிலைக்குப் பெரிய ஆய்வுகளில் பலன் தெரிந்தது ஏரெட்ஸ்-2 மாத்திரைக் கலவைக்குத்தான். அதில் இருப்பவை: லூட்டின் என்ற இன்னொரு மஞ்சள் நிறமி 10 மி.கி., ஜியாஸாந்தின் 2 மி.கி., கூடவே வைட்டமின் சி, ஈ, துத்தநாகம், தாமிரம். நோய் முற்றுவதை அது தாமதப்படுத்தும், இழந்த பார்வையைத் தராது. வைட்டமின் ஈ இருப்பதால், இதய டாக்டரிடமும் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். முட்டை மஞ்சள் கரு, சோளம், ஆரஞ்சு நிறக் குடைமிளகாய் சாப்பிடலாம். கீரையைத் திடீரென்று கூட்டவோ நிறுத்தவோ வேண்டாம், வார்ஃபரின் கணக்கு மாறிவிடும்.

அப்புறம், ஒவ்வொரு கண்ணாக மூடி, கதவு நிலையைப் பார்க்கச் சொல்லுங்கள். நேர்கோடு வளைந்து தெரிந்தால் அன்றைக்கே கண் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.