எல்என்ஜி தொட்டி அலை மோதலுக்கு ஓபன்ஃபோம் போதுமா?

கேள்வி: எல்என்ஜி (குளிர்வித்துத் திரவமாக்கிய இயற்கை எரிவாயு) கப்பலின் தொட்டிச் சுவரில் அலை மோதும்போது நடுவில் சிக்கும் ஆவி திரவமாவதை, ஓபன்ஃபோம் என்ற பாய்ம இயக்க மென்பொருளின் இன்டர்ஃபேஸ்சேஞ்ச்ஃபோம் சால்வரில் (சமன்பாடுகளைத் தீர்க்கும் நிரலில்) கணக்கிடலாமா?

வேண்டாம். அது கேவிட்டேஷன் (அழுத்தம் குறைவதால் திரவத்தில் ஆவிக் குமிழ்கள் உருவாவது) போன்றவற்றுக்கு எழுதப்பட்டது. பாய்மங்கள் அமுங்காது, வெப்பநிலை மாறாது என்று வைத்துக்கொள்ளும். உங்களுக்கு வேண்டியதோ அமுங்குவதும் வெப்பநிலை மாறுவதும்தான்.

தொட்டியில் எல்என்ஜியின் முக்கியப் பகுதியான மீத்தேன் சுமார் −162 டிகிரியில், கொதிநிலையிலேயே நிற்கிறது. சிக்கிய ஆவியின் அழுத்தம் இரட்டித்தால் கொதிநிலை ஏறக்குறைய 9 டிகிரி ஏறும், குக்கர் விதிதான். திரவம் இன்னும் பழைய குளிரிலேயே இருப்பதால் ஆவி அதன்மேல் ஒடுங்கும், அதாவது திரவமாகும். இதையே ஆய்வகத்தில் போலச் செய்ய, தண்ணீருக்கு மேல் சல்ஃபர் ஹெக்ஸாஃப்ளோரைடும் நைட்ரஜனும் கலந்து வைத்தால் வாயுவுக்கும் திரவத்துக்குமான அடர்த்தி விகிதம் பொருந்திவிடும். ஆனால் அந்த வாயு திரவமாகாதே!

சரி, எவ்வளவு ஒடுங்கும்? ஒடுங்கும்போது வரும் உள்ளுறை வெப்பத்தைத் திரவம்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். 10 மில்லிவினாடியில் அந்த வெப்பம் திரவத்துக்குள் ஊடுருவுவது 35 மைக்ரான் அளவுக்குத்தான். கையாலேயே கணக்குப் போட்டால், ஒடுங்கும் ஆவி அரை மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். பத்து சென்டிமீட்டர் ஆவிப் பைக்கு அது ஒன்றுமில்லை. சில மில்லிமீட்டர் தடிமனில் சிக்கிய ஆவிக்கும், நுரைக்கும் அது பெரிய விஷயம்.

அதனால் ஹெர்ட்ஸ்-நுட்சென் சூத்திரத்தின் (திரவப் பரப்பில் ஆவி ஒடுங்கும் வேகத்தைச் சொல்வது) குணகத்தைப் பற்றி ரொம்பக் கவலைப்பட மாட்டேன். அது மிகச் சிறியதாக இல்லாதவரை, வேகத்தைத் தீர்மானிப்பது வெப்பக் கடத்தல்தான். என் கவலை ஆவியும் திரவமும் தொடும் பரப்பளவு. மோதலுக்குச் சற்று முன் வெளியேறும் ஆவி அலையின் முகட்டைக் கிழித்துத் துளிகளாக்கும். விஓஎஃப் முறையில் (ஒவ்வொரு செல்லிலும் எவ்வளவு பங்கு திரவம் என்று கணக்கு வைப்பது) மெஷ்ஷை, அதாவது அந்தச் செல்களின் வலையை, நுணுக்க நுணுக்கப் பரப்பு கூடும், ஒடுங்கும் அளவும் கூடவே ஏறும். எங்கே நிறுத்துவது? பல மீட்டர் உயரத் தொட்டியில் 35 மைக்ரான் அடுக்கை மெஷ்ஷால் பிடிக்க முடியாது. வெப்பக் கடத்தலின் பகுப்பாய்வுத் தீர்வை ஆவியும் திரவமும் சந்திக்கும் இடைமுக செல்லுக்குள்ளேயே பொருத்துவது மேல்.

முதலில் ஒரு பரிமாணத்தில் செய்யுங்கள். 1939-இல் பாக்னால்டு என்ற ஆய்வாளர், அலைக்கும் சுவருக்கும் நடுவில் சிக்கிய காற்றுப் பைக்குப் போட்ட பிஸ்டன் கணக்கில் (திரவம் பிஸ்டன்போல் காற்றை அமுக்குவதாக வைத்துக்கொள்வது) வெப்பத்தையும் ஒடுக்கத்தையும் சேருங்கள். அப்புறம் அழுத்தத்தைச் சட்டென இரட்டித்து, 10 மில்லிவினாடி ஓட்டிப் பாருங்கள். அந்த அரை மில்லிமீட்டர் வராத நிரலை வைத்துக்கொண்டு முப்பரிமாண அலைக்குப் போகாதீர்கள்.