பல்லு சில்லு போயிருச்சு டாக்டர்!

வாசகர் கேள்விகளுக்குப் பல் டாக்டர் பதில் சொல்றாங்க

கேள்வி: டாக்டர், எங்க பையனுக்கு 9 வயசு. ஸ்கூல்ல ஓடும்போது தடுக்கி விழுந்து மேல் முன்பல்லு குறுக்கால பாதி உடைஞ்சிருச்சு. உடைஞ்ச துண்டை மிஸ் டிஷ்யூல சுத்திக் குடுத்தாங்க, அதை ஜாமெட்ரி பாக்ஸ்ல வெச்சிருக்கான். வலின்னு சொல்லல, ஆனா ஐஸ்க்ரீம் குடுத்தா வேணாங்கிறான். மாமியார் பால் பல்லுதான், திரும்ப முளைக்கும் விடுங்கிறாங்க. விட்டுரலாமா?
– ஒரு அம்மா, திண்டுக்கல்

பதில்: விட்டுராதீங்கம்மா. 9 வயசுல மேல நடுவுல இருக்கிற முன்பல்லு பெரும்பாலும் பால் பல்லா இருக்காது, அது 7, 8 வயசுலயே விழுந்து நிரந்தரப் பல்லு வந்திருக்கும். பக்கத்துப் பல்லோட நுனியப் பாருங்க, லேசா ரம்பம் மாதிரி மேடு மேடா தெரிஞ்சா புதுசா முளைச்ச பல்லுதான், சந்தேகமே வேணாம்.

ஐஸ்க்ரீம் வேணாங்கிறான் பாருங்க, அதுதான் நீங்க எழுதினதுலயே முக்கியமான விஷயம். பல்லுக்கு மேல இருக்கிற எனாமலுக்கு உணர்ச்சி கிடையாது. அது உடைஞ்சு உள்ள இருக்கிற டென்டின் வெளிய தெரிஞ்சாதான் இப்படிக் கூசும். போன் டார்ச் அடிச்சு உடைஞ்ச இடத்தப் பாருங்க, வெறும் வெள்ளையா இருந்தா எனாமலோட போச்சு, மஞ்சளா இருந்தா டென்டின் வரைக்கும் போயிருக்கு, நடுவுல ரோஸ் கலர்ல புள்ளி தெரிஞ்சாலோ ரத்தம் கசிஞ்சாலோ நரம்பு திறந்திருக்கு, அப்படின்னா நாளைக்குப் பாக்கலாம்னு தள்ளாம அன்னிக்கே கிளம்பிருங்க. மஞ்சளா இருந்தாலும் ஓரிரு நாள்ல காட்டிருங்க, திறந்து கெடந்தா கிருமி உள்ள போகும்.

நரம்பு தெரிஞ்சிருச்சுன்னா ரூட் கேனால்தான், அதாவது நரம்பை முழுசா எடுத்துருவாங்கன்னு பயப்படாதீங்க. பல்லு முளைச்சு கிட்டத்தட்ட 3 வருஷம் கழிச்சுதான் வேரோட நுனி மூடும். உங்க பையனுக்கு இன்னும் மூடாம இருக்கலாம், அந்த மாதிரி பல்லுல மேலாப்புல ரெண்டு மில்லிமீட்டர் அளவுக்கு மட்டும் நரம்பை எடுத்துட்டு மருந்து வெச்சு மூடிருவாங்க, மீதி நரம்பு உயிரோட இருந்து வேரை வளர்த்துவிடும். யாராச்சும் எடுத்த எடுப்புல ரூட் கேனால்னு சொன்னா "எக்ஸ்ரேல வேர் நுனி மூடியிருக்கா டாக்டர்?"னு கேளுங்க, கேக்குறதுல தப்பே இல்ல.

அந்தத் துண்டைத் தூக்கிப் போட்டுறாதீங்க. இப்பவே தண்ணியில போட்டு அப்படியே கொண்டு போங்க. காஞ்சு போன துண்டு வெளுத்துத் தெரியும், ஒட்டுறதும் அவ்ளோ உறுதியா நிக்காது, அதான் ஊற வெக்கச் சொல்றேன். சரியாப் பொருந்துச்சுன்னா அதையே ஒட்டிருவாங்க, அவனோட சொந்தப் பல்லு கலருக்கு எந்த ஃபில்லிங்கும் ஈடாகாது. துண்டுல கொஞ்சம் குறையுது, உதடும் வீங்கியிருக்குன்னா உதட்டுக்குள்ள பல் சில்லு குத்தி நிக்குதான்னு பாக்கச் சொல்லுங்க, பல்லையே பாத்துட்டு உதட்டை மறந்துடுறது அடிக்கடி நடக்குது.

ஒட்டியாச்சுன்னு அதோட விட்டுறவும் கூடாது. 6லேருந்து 8 வாரத்துல ஒருவாட்டி, வருஷம் முடிஞ்சதும் ஒருவாட்டி எக்ஸ்ரே பாக்கணும். நடுவுல பல்லு சாம்பல் நிறமா மாறினாலோ ஈறுல சின்னதா கொப்பளம் வந்தாலோ உடனே போங்க, வலியே இல்லாம நரம்பு செத்துப் போறது உண்டு.

செலவுதான் யோசனைன்னா பெரிய அரசு மருத்துவமனையிலயே பல் பிரிவு இருக்கும், அங்க காட்டுங்க.

கேள்வி: டெய்லர் வேலை பாக்குறேன். நூலைப் பல்லாலதான் அறுப்பேன், குண்டூசியும் பல்லுலதான் வெச்சிருப்பேன். முன்பல்லு ஓரத்துல சின்னதா ஒரு வெட்டு விழுந்திருக்கு. வலி இல்ல. வைத்தியம் பண்ணணுமா?
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: உங்க தொழில் பண்றவங்க நிறையப் பேருக்கு இருக்கிறதுதான். எனாமல் திரும்ப வளராது, அதனால தானா சரியாகும்னு காத்திருக்க வேணாம். ஓரத்தை லேசா தேய்ச்சு வழவழன்னு ஆக்கிரலாம், இல்ல காம்போசிட்னு பல் கலர்லயே இருக்கிற ஃபில்லிங் வெச்சு அடைச்சிரலாம். ஆனா அடைச்சதுக்கு அப்புறமும் நூலைக் கடிச்சா அந்தக் காம்போசிட்தான் முதல்ல பேந்து வரும். நூல் கட்டர் ஒண்ணு வாங்கி மிஷின் பக்கத்துல தொங்க விடுங்கண்ணே.

கேள்வி: கோகுலாஷ்டமி சீடை கடிச்சதுல கடைவாய்ப்பல்லோட ஓரம் போயிருச்சு. முன்னாடியே வெள்ளி அடைச்ச பல்லு. கடிக்கும்போது வலிக்கல, கடிச்சுட்டு வாயத் திறக்கும்போதுதான் சுரீர்னு இழுக்குது. கிராம்புத் தைலம் வெச்சுட்டு இருக்கேன்.
– ஒரு வாசகி, மயிலாடுதுறை

பதில்: நீங்க சொல்ற அந்தச் சுரீர் பல்லுக்குள்ள விரிசல் இருக்கோன்னு யோசிக்க வெக்குது. உடைஞ்சு போன ஓரம் கண்ணுக்குத் தெரியுது, விரிசல் தெரியாது, நிறைய நேரம் எக்ஸ்ரேலயும் தெரியாது. ஒவ்வொரு மேட்டு மேலயும் சின்ன பிளாஸ்டிக் குச்சிய வெச்சுக் கடிக்கச் சொல்லி எங்க இழுக்குதுன்னு கண்டுபிடிப்பாங்க. சீக்கிரம் பாத்தா கேப் போட்டு இறுக்கிப் பல்லைக் காப்பாத்திரலாம், விரிசல் வேருக்கு இறங்கிருச்சுன்னா பிடுங்குறதத் தவிர பெரும்பாலும் வழியில்ல. அதுவரைக்கும் அந்தப் பக்கம் மெல்லாதீங்க. தைலம் பஞ்சுல ஒரு சொட்டு சரி, ஊத்தாதீங்க, ஈறு வெந்துரும். மாத்திரையப் பல்லு மேல வெச்சு அடக்குறாங்களே, அதுவும் அதே கதைதான்.

கேள்வி: அடுத்த மாசம் எனக்குக் கல்யாணம். முன்பல்லு நுனி கொஞ்சம் உடைஞ்சிருக்கு. ஃப்ரெண்டு ஆறு பல்லுக்கும் வெனீர் போட்டுக்கோங்கிறா.
– கல்யாணப் பொண்ணு, கோவை

பதில்: ஒரு பல்லு உடைஞ்சதுக்கு எதுக்கும்மா ஆறு பல்லு? வெனீர்ங்கிறது பல்லோட முன்பக்கத்துல ஒட்டுற மெல்லிசான ஓடு, அதுக்குப் பெரும்பாலும் நல்ல எனாமலைச் சீவணும், சீவினது திரும்ப வராது. உங்களுக்குக் காம்போசிட் பாண்டிங், அதாவது உடைஞ்ச இடத்துல மட்டும் பல் கலர் ஃபில்லிங்கை ஒட்டி வடிவமாக்குறது போதும்னு தோணுது, ஒரே சிட்டிங், பெரும்பாலும் ஊசியும் வேணாம். டீ, காபில கொஞ்சம் கொஞ்சமா கறை ஏறும், சில வருஷத்துல பாலிஷோ ரிப்பேரோ தேவைப்படும், அவ்ளோதான். பல்லை வெளுக்கிற ஐடியா இருந்தா அதை முதல்ல முடிச்சிருங்க, ரெண்டு வாரம் கழிச்சு பாண்டிங் பண்ணுங்க, ஏன்னா ப்ளீச் காம்போசிட்டோட கலரை மாத்தாது. அதனால இந்த வாரமே அப்பாயின்ட்மென்ட் வாங்கிருங்க.

கேள்வி: உடைஞ்ச துண்டை வீட்லயே இன்ஸ்டன்ட் பசை போட்டு ஒட்டிக்கலாமா?
– ஒரு வாசகர், சென்னை

பதில்: வேணாம் தம்பி. உதடும் ஈறும் சேர்ந்து ஒட்டிக்கும், பசை ஒட்டின துண்டை அப்புறம் யாராலயும் சரியாப் பொருத்தவும் முடியாது.