வெளியில் மாட்டும் டிஸ்க் டிரைவ்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: புதிய கணினியில் டிஸ்க் போட இடமே இல்லை. வீட்டிலோ சிடியும் டிவிடியும் குவிந்து கிடக்கின்றன. வெளியில் மாட்டும் டிரைவ்களில் ஒன்றில் ‘யுஎஸ்பி 3.0, அதிவேகம்’ என்று போட்டிருக்கிறது, இன்னொன்றில் வெறும் 2.0. எதை வாங்குவது?

பதில்: முதலில் அலமாரியைப் பாருங்கள், அப்புறம் கடைக்குப் போகலாம். இருப்பவை சிடி, டிவிடி மட்டும் என்றால் சாதாரண டிவிடி ரைட்டர் போதும்; இரண்டையும் படிக்கும், எழுதும். ப்ளூ-ரே ஒன்றே ஒன்று இருந்தாலும் அந்த டிரைவ் உதவாது. சிடிக்கு 780 நானோமீட்டர் லேசர், டிவிடிக்கு 650, ப்ளூ-ரேக்கு 405. அந்த ஊதா லேசர் உள்ளே இல்லையென்றால் எந்த மென்பொருளைப் போட்டாலும் பயனில்லை. ‘ப்ளூ-ரே காம்போ’ என்று இருந்தால் கவனம்: சில காம்போக்கள் ப்ளூ-ரேயைப் படிக்க மட்டுமே செய்யும், டிவிடி வரைதான் எழுதும்.

இனி அந்த அதிவேகத்துக்கு வருவோம். டிவிடிக்கு 1எக்ஸ் என்பது நொடிக்குச் சுமார் 1.385 எம்பி. மெல்லிய டிரைவ்களின் உச்சம் வழக்கமாக 8எக்ஸ், அதாவது ஏறக்குறைய 11 எம்பி. அதுவும் டிஸ்க்கின் வெளிவிளிம்பை எட்டும்போதுதான். உட்பக்கத்தில் அதைவிட மெதுவாகவே ஓடும். யுஎஸ்பி 2.0 நொடிக்கு 30 எம்பியைத் தாராளமாகக் கடத்தும். கிணற்றில் ஊறுவதே அவ்வளவுதான் என்னும்போது குழாயை அகலமாக்கி என்ன பயன்? ப்ளூ-ரே கதை வேறு: 6எக்ஸ் என்றாலே 27 எம்பி. அது 2.0-இன் எல்லையை நெருங்கிவிடுகிறது, அதற்கு 3.0 நல்லது.

டிவிடி டிரைவுக்கும் 3.0 போர்ட் கைகொடுக்கும் இடம் ஒன்று உண்டு. அது வேகமல்ல, மின்சாரம். அடுத்த பதிலில் பாருங்கள்.

தட்டு நீளும் டிரைவா, துளைக்குள் செருகும் டிரைவா என்றால், தட்டுதான் நம் பரிந்துரை. பழைய வீடியோ கேமராவின் 8 செ.மீ. குட்டி டிஸ்க்கைச் செருகும் வகையில் போட்டால் உள்ளேயே சிக்கிக்கொள்ளக்கூடும். தட்டு வகை மக்கர் செய்தாலும் முகப்பில் ஊசித் துளை இருக்கும். கேபிளைக் கழற்றிவிட்டு, நிமிர்த்திய பேப்பர் கிளிப்பை நேராக விட்டு அழுத்தினால் தட்டு வெளியே வந்துவிடும்.

கேள்வி: டிரைவை மாட்டினால் விளக்கு எரிகிறது. டிஸ்க்கைப் போட்டதும் ‘டிக் டிக்’ என்று சத்தம் வந்து, கணினியிலிருந்தே மறைந்துவிடுகிறது. டிரைவ் போய்விட்டதா?

பதில்: பெரும்பாலும் இல்லை, மின்சாரம் போதவில்லை. யுஎஸ்பி 2.0 போர்ட் தரவேண்டியது 500 மில்லிஆம்ப், 3.0 போர்ட் 900. டிஸ்க் சுழலத் தொடங்கும் நொடியிலும், எழுதும்போதும் டிரைவ் இதைவிட அதிகம் கேட்கலாம். விளக்கு எரிய அவ்வளவெல்லாம் வேண்டாம். அதனால்தான் டிரைவ் நன்றாக இருப்பதுபோலத் தெரிகிறது.

தனி அடாப்டர் இல்லாத ஹப்பில் (ஒரு போர்ட்டைப் பலவாக்கும் பெட்டி) மாட்டியிருந்தால் முதலில் அதைக் கழற்றுங்கள். மேசைக் கணினி என்றால் முன்பக்க போர்ட்டை விட்டு, பின்னால் மதர்போர்டிலேயே இருக்கும் போர்ட்டில் மாட்டுங்கள். கேபிள் குட்டையாக இருக்கட்டும். நீளமான, மெல்லிய கேபிளில் மின்னழுத்தம் இறங்கிவிடும். அப்படியும் சரிவராவிட்டால் இரண்டு தலை உள்ள கேபிளை இரண்டு போர்ட்டில் மாட்டுங்கள், அல்லது அடாப்டரோடு வரும் ஹப் வாங்குங்கள். வேறொரு கணினியிலும் இதே சத்தம் வந்தால் அப்போது டிரைவைச் சந்தேகிக்கலாம்.

டிஸ்க் எழுதும்போது பாதியில் நின்றுபோவதற்கும் பல நேரம் இதுவே காரணம். 8எக்ஸை 4எக்ஸாகக் குறைத்து எழுதிப் பாருங்கள். எழுதி முடித்ததும் மென்பொருளில் சரிபார்க்கும் வசதியை ஓடவிடுங்கள்.

கேள்வி: ப்ளூ-ரே டிரைவ் வாங்கியாயிற்று. டிஸ்க்கில் உள்ள கோப்புகள் தெரிகின்றன, படம் மட்டும் ஓடவில்லை.

பதில்: டிரைவ் தன் வேலையைச் செய்துவிட்டது. கடையில் விற்கும் ப்ளூ-ரே படங்கள் பூட்டப்பட்டவை. பூட்டைத் திறக்க உரிமம் பெற்ற ப்ளேயர் மென்பொருள் வேண்டும். விண்டோஸோடு அது வருவதில்லை, மேக்கிலும் இல்லை. டிரைவ் வாங்கும்போதே மென்பொருளும் சேர்ந்து வருகிறதா என்று கேட்பது நல்லது. டிவிடி படத்துக்கு இந்தச் சிக்கல் இல்லை: விண்டோஸ் 10-இல் தானாக ஓடாவிட்டாலும் இலவச விஎல்சி போதும். ‘மண்டலம் மாற்றவா?’ (மண்டலம் என்பது டிவிடி எந்த நாட்டுப் பகுதிக்கானது என்பதைக் காட்டும் குறியீடு) என்று கணினி கேட்டால் மட்டும் யோசித்துச் சொல்லுங்கள். பெரும்பாலான டிரைவ்களில் 5 முறைதான் மாற்ற முடியும். கடைசி முறை வைத்த மண்டலமே நிலைத்துவிடும்.

கேள்வி: கேமராவில் பதிந்த குட்டி டிவிடிகள் எந்த டிரைவிலும் ‘காலி’ என்று வருகின்றன.

பதில்: பதிந்தவர் ‘ஃபைனலைஸ்’ செய்யாமல், அதாவது மற்ற டிரைவ்களும் படிக்கும்படி பதிவை முடித்து வைக்காமல், விட்டிருப்பார். அந்தக் கேமரா இன்னும் ஓடினால் அதிலேயே போட்டு அந்த வேலையை முடியுங்கள். பிறகு தட்டு வகை டிரைவில் போட்டால் திறக்கும். காலிதானே என்று நினைத்து அதன்மேல் எதையும் எழுதிவிடாதீர்கள்.